நாற்பத்தொன்றாம் வரியில் நின்ற மணி

மூன்றாவது சாவிக்குத்தான் அந்தப் பூட்டு இணங்கியது.

"பழைய பூட்டும்மா. ஆளைப் பாத்துத்தான் திறக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாவிக்காரர் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், தரைத்தளத்தின் கோடியில் இருந்த வார்டு அது. நோயாளிகளை எதிரே கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றி நாலு மாதம் ஆகிவிட்டது. மனிதர்கள் போய்விட்டார்கள், வாசனை போகவில்லை. பினாயில், துவைத்துச் சரியாகக் காயாத துணி, அதற்கும் அடியில் மருந்துச் சீசாவைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் கசப்பு.

பகல் பன்னிரண்டரை மணி. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். உள்ளே இரண்டு வரிசையாக எட்டுக் கட்டில்கள், மெத்தைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டபடி கிடந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுவரில் ஓர் எண். எண்ணுக்குக் கீழே ஒரு வயர் தொங்கியது. வயரின் நுனியில் கட்டைவிரலுக்கு அடங்குகிற அளவில் ஒரு பட்டன். நோயாளி அதை அழுத்தினால் வார்டின் மறுகோடியில் மரத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், திரையில் அவர் பெயர் வரும். வர வேண்டும்.

அந்த மணியை அடிக்க வைக்கும் மென்பொருளை எழுதியவள்தான் இப்போது லேப்டாப் பையோடு வாசலில் நின்றாள். வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். சின்ன வயதில் எதைக் கேட்டாலும் ஒரு பதிலோடு விடமாட்டாள், அடியாழம் வரை துருவித் துருவிக் கேட்பாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "தேங்காயைத் துருவுவாளா, ஆளைத் துருவுவாளா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்தாள். பிழை எங்கே ஒளிந்தாலும் பிடித்து இழுத்துவரும் வேலைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அப்பேர்ப்பட்ட துருவிக்கும் துருவ மனமில்லாத இடம் ஒன்று உலகத்தில் இருந்தது. அது இந்த வார்டு.

சாவிக்காரர் மேசைக்குப் பின்னால் இருந்த பிளக்கைச் சொருகிவிட்டு நிமிர்ந்தார். மின்சாரம் அந்த ஒரு மேசைக்கும் அதன் கீழே இருந்த சர்வருக்கும் மட்டும்தான்.

"ரெண்டரைக்குள்ள முடிச்சுடுங்கம்மா."

"ஏண்ணே, பூட்டணுமா?"

"பூட்டுறதுக்கு இல்ல. ரெண்டரைக்கு மேல நான் உள்ள வரமாட்டேன். ஏதாவது வேணும்னா கேட்டுக்கு வந்து கேளுங்க."

"என்னண்ணே, பேய் கீய்னு ஆரம்பிக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பேயை எல்லாம் நான் பாத்ததில்ல. யாரோ பட்டனை அழுத்துவாங்க. அந்த டிக் டிக் சத்தம் மட்டும் கேக்கும். மணி அடிக்காது."

"மணியைத்தான் கழட்டியாச்சே. பட்டன் வயரையும் வெட்டி விட்டிருக்கு, பாருங்க."

"மணி அடிச்சா பயம் இல்லம்மா. யாரோ கூப்பிடுறான்னு போய்ப் பாத்துடலாம். ஒருத்தன் கூப்பிட்டுட்டே இருக்கான், மணி அடிக்கல. அதைக் கேட்டுக்கிட்டு மனுஷன் எப்படி உக்காந்திருக்கிறது, சொல்லுங்க?"

அவர் போனபின், அவருடைய செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து மறையும் வரை துருவி லேப்டாப்பைத் திறக்கவில்லை.

வந்த வேலை இதுதான். வரும் திங்கட்கிழமை முதல் புதுக் கட்டடத்தில் இவளுடைய மென்பொருள் ஓடப்போகிறது. அதற்காகப் பழைய சர்வரில் இருப்பதை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு சர்வர் அப்படியே நின்றுவிடுகிறது. என்ன கேட்டாலும் பதில் தராது. இரண்டு ஐம்பத்தேழுக்குத் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். "பதினேழு நிமிஷம். கடிகாரம் வெச்ச மாதிரி" என்று நிர்வாகி போனில் சொன்னார். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்று அவசரமாகச் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வேறொருவன் வந்து துருவினால் என்ன கிடைக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பதினேழு நிமிடக் கதை போன வருடத்தது.

அப்போது இந்த வார்டில் நோயாளிகள் இருந்தார்கள். பகல் பணியில் இருந்த நர்ஸ் வேறு யாருமில்லை, அண்ணிதான். "என் நாத்தனார் இந்த மாதிரி வேலையெல்லாம் பிரமாதமா செய்வா" என்று நிர்வாகியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சோதனை ஓட்டம் ஒரு வாரம். நல்ல சர்வர் இன்னும் வந்து சேராததால், துருவி எழுதவும் அழிக்கவும் வைத்திருந்த சர்வரிலேயே எட்டுப் படுக்கைகளையும் இணைத்திருந்தார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதற்காகப் பழைய மணிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

ஒன்றுமில்லாத பிழை ஒன்று. திரையில் நோயாளியின் பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்பட்டது. அதைப் பிடிக்க துருவி சர்வரில் டீபக் என்ற ஏற்பாட்டை ஓட விட்டாள். பிழை தேடும்போது மட்டும் போடுவது அது. நிரலில் ஏதாவது ஒரு வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால், ஓட்டம் அந்த வரிக்கு வந்ததும் அப்படியே உறைந்துவிடும். ஓடுகிற தையல் மெஷினை, ஊசி துணியில் இறங்கியிருக்கும்போதே நிறுத்தி, நூல் எங்கே சிக்கியது என்று குனிந்து பார்ப்பதுபோல. பார்த்து முடித்து 'தொடர்' என்று அழுத்தினால்தான் மறுபடி ஓடும். அதில் இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு: நிற்கும்போது அந்த ஓர் அழைப்பு மட்டும் நிற்கட்டுமா, சர்வர் முழுக்க நிற்கட்டுமா? முழுக்க என்பதுதான் முதலிலிருந்தே தேர்வாகியிருந்தது. அவள் அதை மாற்றவில்லை. யார்தான் மாற்றுகிறார்கள்?

நாற்பத்தொன்றாம் வரியில் புள்ளி வைத்தாள். மேசையில் மணி அடிக்கச் சொல்லும் வரி அது. வைத்தவளுக்குப் பசித்தது. கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாற்பதுக்கு ஏழாம் படுக்கையில் இருந்த தையல்காரர் பட்டனை அழுத்தினார்.

மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர். அண்ணிக்கு அவர்மேல் தனிப் பிரியம். "எல்லாரும் பட்டனை உடைக்கிற மாதிரி அழுத்துவாங்க. அவர் மட்டும் ரெண்டு தடவை சின்னதா, ஒரு தடவை நீளமா. மெஷின் பெடல் பழக்கம். அதிகாரமா கூப்பிடக் கூடாதாம்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அவர் அழுத்திய நேரத்தை முப்பத்தெட்டாம் வரி ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதியது: 2:40. நாற்பத்தொன்றாம் வரியில் எல்லாம் உறைந்தது. மறுபடி மறுபடி அழுத்தியிருப்பார். அண்ணி பத்துப் பதினோரு அடி தள்ளி, மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம், மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கவே இல்லை. வயிறு நிறைந்து வந்த துருவி திரையைப் பார்த்து, அட, என்று 'தொடர்' அழுத்தியபோது மணி 2:57. அப்போது மணி அடித்தது. அண்ணி ஓடினாள். ஓடி என்ன பயன்? தையல்காரரின் உயிர் போயிருந்தது.

பதிவேடு சொன்னது ஒன்றே ஒன்று: அழைத்தது 2:40, நர்ஸ் போனது 2:58. மணி அடிக்கவில்லை என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். மென்பொருளில் கோளாறு உண்டா என்று துருவியிடம் கேட்டார்கள். அதற்குள் அவள் சிவப்புப் புள்ளியை எடுத்திருந்தாள், டீபக்கை நிறுத்தியிருந்தாள். "பதிவு சரியாத்தான் இருக்கு" என்றாள். பொய் என்று சொல்லிவிட முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், வாசல் அழைப்பு மணியைக் கழற்றியது. எந்த மணி கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது என்றாள். இன்றும் வீட்டு வாசலுக்கு மேலே டேப் சுற்றிய இரண்டு வயர் நுனிகள்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

நாளைக் காலை கடைசி விசாரணை. தோற்றால் நர்ஸ் என்ற பெயரே அவளுக்கு இருக்காது. இன்று காலை துருவி கிளம்பும்போது அண்ணி ஒரு வருடம் பெட்டியில் கிடந்த சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நீயும் வர்றியா, துருவி? பேச வேண்டாம். ஒரு ஓரமா உக்காந்திருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். துருவி செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

ஒன்றே முக்காலுக்குள் அவள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். சர்வரில் பிழை இல்லை. டீபக் நிறுத்தியபடியே இருந்தது, அவள் கையால் எழுதியது எழுதியபடி. அப்படியானால் தினமும் எங்கே நிற்கிறது? அதை அறிய ஒரே வழி, டீபக்கை மறுபடி ஓட விடுவது. அந்த நாளுக்குப் பிறகு எந்த வேலையிலும் அவள் அதைத் தொட்டதில்லை. ஏன் என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டால், பழக்கம் விட்டுப்போச்சு என்பாள்.

 நிறுத்து என்று இருந்ததை ஓடு என்று மாற்றினாள். சர்வரை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பை அதனோடு இணைத்தாள்.

நிரல் திரையில் விரிந்தது. நாற்பத்தொன்றாம் வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது.

அவள் வைக்கவில்லை.

அழித்தாள். போய்விட்டது. பெருமூச்சு விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பினால், அதே வரியில் அதே புள்ளி. பழைய கோப்பு ஏதோ திரும்பி வருகிறது, இப்படி நடப்பது உண்டுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புள்ளியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் அதன் விவரத்தைப் பார்த்தாள். வைத்த தேதி போன வருடத்தின் அந்தத் தேதி. நிற்கும்போது எது நிற்க வேண்டும்? முழுக்க.

மணி இரண்டு இருபதாகியிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு கால் சொன்னது. இன்றோடு இதைப் புதைக்காவிட்டால் திங்கட்கிழமை எவனாவது இதைத் தோண்டுவான் என்று இன்னொரு கால் சொன்னது. உட்கார்ந்தே இருந்தாள்.

வார்டு மெல்ல அமைதியானது. முன்பும் அமைதிதான். ஆனால் வெளியே இருந்து வந்த காக்கைச் சத்தம், தூரத்து வண்டிச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. சர்வரின் மின்விசிறி இரைச்சல் மட்டும் மேசைக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. 

2:38.

2:39.

மின்விசிறியும் நின்றது.

டிக்.

டிக்.

பிறகு ஒரு நீளமான அழுத்தல். உள்ளே போன பட்டன் உள்ளேயே இருந்தது. நெடுநேரம் கழித்து வெளியே வந்தது.

டக்.

திரையில் நாற்பத்தொன்றாம் வரி மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் சின்னக் கட்டத்தில், நின்றுபோன அழைப்பின் உள்ளே இருப்பது தெரிந்தது. படுக்கை: 7. நேரம்: 2:40. அழுத்திய எண்ணிக்கை: 3. நிலை: காத்திருக்கிறது.

அவள் 'தொடர்' அழுத்தினாள். ஒரு வருடத்துக்கு முன்பு அவ்வளவு சுலபமாக அழுத்தியது. மஞ்சள் கோடு ஒரு கணம் அணைந்து, அதே வரியில் மறுபடி எரிந்தது.

டிக். டிக். டி... டக்.

எண்ணிக்கை: 6.

மறுபடி அழுத்தினாள். எண்ணிக்கை: 9. புள்ளியை அழித்தாள், டீபக்கை நிறுத்தினாள், இணைப்பைத் துண்டித்தாள். கோடு நகரவில்லை. 12. 15. அழுத்தல்கள் வேகமாகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அதே மரியாதை. அதே பொறுமை. தொந்தரவு செய்கிறோமே என்ற அதே கூச்சம்.

அவள் குனிந்து சர்வரின் பிளக்கையே பிடுங்கினாள்.

டிக்.

டிக்.

மெல்லத் தலையைத் திருப்பினாள். இங்கிருந்து பார்த்தால் தடுப்புக்கு அப்பால் ஏழாம் படுக்கையின் பாதிதான் தெரியும். சுவரில் தொங்கிய வெட்டுண்ட வயர் அங்கே தொங்கவில்லை. யாரோ எடுத்து மெத்தைமேல் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையின் நடுவே, ஓர் ஆள் படுத்தால் விழும் பள்ளம். பள்ளத்தின் மேல் உறை மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

சரக்.

சரக்.

கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் சாவிக்காரர் இருக்கும் கேட் தூரம். ஓடலாம் என்றால் கதவு அந்தப் படுக்கையைத் தாண்டித்தான். அவள் விரல்கள் போனில் தேடியது யாரை என்று அவளுக்கே அழைப்பு போன பிறகுதான் தெரிந்தது.

"சொல்லு துருவி" என்றாள் அண்ணி.

"அண்ணி."  போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அன்னிக்கு மணி அடிக்கல."

"என்ன?"

"நீங்க சொன்னதுதான் நிஜம். மணி அடிக்கல. நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். ஒரு சோதனைக்காக. நிறுத்திட்டு சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தப்போ... பதினேழு நிமிஷம், அண்ணி. எல்லாத்தையும் மறைச்சுட்டேன்."

  அண்ணியின் குரல் வந்தது, தணிந்து, தட்டையாக.

"ஒரு வருஷமா என் காதை நானே நம்பல, துருவி. அடிச்சிருக்குமோ, எனக்குத்தான் கேக்கலையோன்னு தினமும் படுத்துட்டே யோசிப்பேன். நீ பக்கத்து ரூம்லதான இருந்த?"

துருவி அழுதாள். பயத்தில் அழுததா, வெட்கத்தில் அழுததா என்று பிரிக்க முடியாத அழுகை. 

"இரு" என்றாள் அண்ணி திடீரென்று. "பின்னாடி என்ன சத்தம்?"

"பட்டன்... யாரோ பட்டனை..."

"பட்டன் இல்ல. மணி. மணி அடிக்குதே, உனக்குக் கேக்கலையா?"

வார்டில் மணி இல்லை. மின்சாரம் இல்லை. துருவிக்கு டிக் டிக் தவிர எதுவும் கேட்கவில்லை.

"ஏழாம் படுக்கை மணி அது" என்றாள் அண்ணி. குரல் மாறிவிட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல், பணியில் இருக்கும் நர்ஸின் குரல். "போ. போய்ப் பாரு."

"அண்ணி, அங்க யாரும் இல்ல."

"உக்காந்த இடத்துல இருந்து யாரும் இல்லைன்னு சொல்லாத. போய்ப் பாத்துட்டுச் சொல்லு. மணி அடிச்சா போகணும்."

பதினோரு அடி. துருவி எண்ணிக்கொண்டே நடந்தாள், எண்ணாவிட்டால் கால் நகராது. ஐந்தாவது அடியில் மருந்து வாசனை. எட்டாவது அடியில் அதோடு மெஷின் எண்ணெய் வாசனை, புதுத்துணியின் கஞ்சி வாசனை. பதினோராவது அடியில் கட்டிலின் இரும்புச் சட்டம் கையில் தட்டியது. சில்லென்றிருந்தது.

பள்ளத்தில் யாரும் இல்லை. உறை மட்டும் ஏறி இறங்கியது. பட்டன் அதன்மேல், ஒரு கை நழுவவிட்ட கோணத்தில் கிடந்தது. எடுத்தாள்.

சூடாக இருந்தது.

"வந்துட்டேங்கய்யா" என்றாள். "லேட்டாயிடுச்சு. தப்பு என்னோடது. அண்ணி மேல தப்பில்ல."

உறை ஏறியது. இறங்கவில்லை. பள்ளம் ஓரங்களிலிருந்து மெல்ல நிரம்பி, மொறுமொறுவென்ற சத்தத்தோடு மெத்தை மட்டமாயிற்று. காக்கைச் சத்தம் திரும்பி வந்தது. பின்னால் மேசையில் லேப்டாப் திரையில் மஞ்சள் கோடு நாற்பத்தொன்றைத் தாண்டி நாற்பத்திரண்டுக்குப் போயிருந்தது. மணி 2:57.

போனைக் காதில் வைத்தாள். "நின்னுடுச்சு" என்றாள் அண்ணி. அதோடு வைத்துவிட்டாள்.

மறுநாள் விசாரணையில் துருவி ஓரமாக உட்காரவில்லை. நடுவில் நின்று, டீபக் என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன, முழுக்க என்றால் என்ன என்று ஆதியோடந்தமாகச் சொன்னாள். குழுவில் இருந்த ஒருவர் மட்டும், "ஒரு புள்ளியா?" என்று இரண்டு தடவை கேட்டார். தையல்காரரின் மகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் துருவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே நின்றது பழைய வார்டைவிடக் கடினமாக இருந்தது.

அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. துருவிக்குக் கையில் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. மருத்துவமனைக்கு வேறு யாரோ புதிதாக மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினான். அண்ணி பேசினாள், உப்பு எங்கே, சாவி எங்கே, பால் பொங்குது பார் என்ற அளவில் பேசினாள். துருவி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பிற்பகல். அண்ணிக்கு அன்று விடுமுறை, கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரோரம் துருவி லேப்டாப்பில் ஏதோ சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே போயிருந்தான்.

"புதுக் கட்டடத்துல" என்றாள் அண்ணி, துணியைப் பார்த்துக்கொண்டே. "ஏழாம் படுக்கையில தினமும் மணி அடிக்குது. ரெண்டு நாப்பதுக்கு. ஆள் இல்லாத படுக்கைதான். அந்த மென்பொருள்காரப் பையன் மூணு தடவை வந்து பாத்துட்டான், பழுது ஒண்ணும் இல்லைங்கிறான்."

துருவியின் விரல்கள் நின்றன. "நீங்க என்ன பண்றீங்க?"

"போறேன். தலையணையைச் சரி பண்றேன். என்னங்கய்யான்னு கேக்கறேன். வந்துடறேன்." ஒரு சட்டையை உதறி மடியில் வைத்தாள். "முதல்ல பயந்தேன். இப்போ இல்ல. கூப்பிட்டா வர்றாங்களான்னு பாக்கறார், அவ்வளவுதான்."

அவள் இத்தனை வார்த்தை தன்னிடம் பேசி ஒரு யுகம் ஆகிறதே என்று துருவிக்குக் கண் கரித்தது. ஏதாவது பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தாள்.

2:40.

வாசலுக்கு மேலே, டேப் சுற்றிய இரண்டு வயர் நுனிகள் மட்டுமே இருந்த இடத்தில், மணி அடித்தது.

சின்னதாக ஒன்று.

சின்னதாக இன்னொன்று.

பிறகு நீளமாக.

இந்தத் தடவை துருவிக்கும் கேட்டது. கதவுக்கு அப்பால், துணியின் கஞ்சி வாசனை கீழ் இடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்தது. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நிமிரவில்லை. சட்டையின் கையை மடித்து, அதன்மேல் இன்னொரு கையை மடித்து வைத்தாள்.

"இன்னிக்கு எனக்கு லீவு, துருவி" என்றாள். "அது உனக்குத்தான்."

மணி மறுபடி அடிக்கத் தொடங்கியது. துருவி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து, கதவைத் திறக்கப் போனாள்.